கடலில் மிதக்கிற காய்க்கு மதில் ஏது?

பாலாத்துக்காரன்: போன மாசம் வேலூரிலிருந்து பிச்சாவரம் போயிருந்தோம். படகுக்காரர் சுரபுன்னை என்கிற அலையாத்தி மரத்தின் காய் ஒன்றைக் கையில் கொடுத்தார், முருங்கைக்காய் மாதிரி நீளம், மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடுமாம், விழுந்தால் மாதக்கணக்கில் மிதக்குமாம். அப்படியென்றால் எல்லாக் கரையிலும் ஒரே மரம்தானே? அலையாத்திக் காடு நடுகிறவர்கள் உள்ளூர் விதைதான் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறார்கள்?

காட்பாடி_செடிக்கடை: மிதக்கும், சரி, எங்கே போய்ச் சேரும்? தாய்லாந்தில் இரண்டு கடலுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற கிரா பூசந்தியில் நிலத்தின் அகலம் 50 கிலோமீட்டருக்கும் குறைவு, நம்ம வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற தூரம்தான். ஆனால் மலாய் தீபகற்பத்தின் இந்த ஓரத்து மரமும் அந்த ஓரத்து மரமும் பார்க்க ஒன்று, பல மர இனங்களில் மரபணு வேறு. பனாமாவிலும் அப்படித்தான்.

பாலாத்துக்காரன்: மலாக்கா நீரிணை திறந்துதானே கிடக்கிறது சார்? அவ்வளவு கப்பல் போகிற வழியில் ஒரு காய் போகாதா?

காட்பாடி_செடிக்கடை: இப்போது திறந்திருக்கிறது தம்பி. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால் பனியுகத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் வரை கீழே கிடந்தது, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஆசியாவோடு ஒட்டின தரை. அப்புறம் தண்ணீர் ஏறி வழி திறந்தாலும், மிதந்து வந்த காய் ஊன்ற இடம் வேண்டாமா? கரையில் ஏற்கெனவே காடு நிற்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடித்த கதைதான்.

ஏலகிரி_வாத்தியார்: இரண்டு பேரும் சுரபுன்னையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். வெண்கண்டல் என்று இன்னொரு அலையாத்தி மரம் இருக்கிறது, அதன் விதை மொச்சைக்கொட்டை போல, தோல் கழன்றதும் சீக்கிரமே வேர்விடப் பார்க்கும், பெரும்பாலும் தாய்மரத்தின் பக்கத்திலேயே நின்றுவிடும். அதைத் தடுக்க தீபகற்பமெல்லாம் வேண்டாம், இரண்டு முகத்துவாரங்களுக்கு நடுவே நீளமாக வெறும் மணற்கரை கிடந்தாலே போதும்.

பாலாத்துக்காரன்: சரி, மலாக்காவை ஒத்துக்கொள்கிறேன். பிச்சாவரத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே என்ன மலையா இருக்கிறது?

ஏலகிரி_வாத்தியார்: மலை இல்லை, கோடியக்கரை முனை இருக்கிறது. அதைச் சுற்றித்தான் பாக் நீரிணைப் பக்கம் போக வேண்டும். முத்துப்பேட்டையில் பெரும்பாலும் வெண்கண்டல்தான், பிச்சாவரத்திலோ சுரபுன்னை, தில்லை என்று கலந்து நிற்கிறது. முனைதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், மண்ணும் உப்பும்கூட இருக்கலாம்.

பாலாத்துக்காரன்: பாருங்கள், நீங்களே இழுக்கிறீர்கள். அந்தக் காய் இன்னும் என் வீட்டு வாளியில்தான் இருக்கிறது, இரண்டு இலை விட்டுவிட்டது. அடையாற்றில் கொண்டுபோய் நட்டால் என்ன கெட்டுவிடும்?

காட்பாடி_செடிக்கடை: ஜவ்வாது மலைச் சந்தன விதையையும் வெளியூர் விதையையும் நான் ஒரே பையில் போடுவதில்லை தம்பி. எடுத்த கால்வாயிலேயே விடு, வேலூர் வெயிலுக்கு முந்தி.