நிரந்தரமா ஊருக்கு வர்றேன்: தடைக்காலத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?

தங்கச்சிமடத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். பஹ்ரைன்ல லாஞ்சுல வேலை, கம்பிக்கூடு போட்டு மீன் பிடிக்கிறது. கல்யாணமான மறுவருசம் வந்தவன். போதும்னு கஃபீல்கிட்ட, அதான் விசா குடுத்த முதலாளிகிட்ட, சொல்லியாச்சு. இருக்கிற காசுக்குப் பழைய விசைப்படகு ஒண்ணு வாங்கலாம்னு நினைப்பு. மச்சான், 'ஏப்ரல் 15க்குள்ள வந்துரு, விசைப்படகுக்கு மீன்பிடித் தடை தொடங்கிட்டா சும்மா உட்காரணும்'ங்கிறார். அம்மாவோ படகுன்னாலே கச்சத்தீவு, நேவின்னு அழுகுது. மகள் போன்ல ரெண்டு வார்த்தை பேசிட்டு, கேமராவை நாய்க்குட்டி பக்கம் திருப்பி வெச்சுட்டு ஓடிருது. எப்ப வந்தா நல்லது?

வடகடல்:
தம்பி, மச்சான் பேச்சைக் கேக்காத. படகு வாங்குறவன் தடைக்காலத்துலதான் ஊர்ல இருக்கணும். ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அதுலதான் படகைக் கரையேத்தி மராமத்து பாப்பாங்க. தண்ணியில கிடக்கிற படகுல பெயிண்டைத்தான் பாக்கலாம். கரையேத்துனாத்தான் அடிப்பலகை தெரியும். ஆசாரியைக் கூட்டிப் போய் சுத்தியலால தட்டச் சொல்லு, புழு அரிச்ச இடம் சத்தத்துலயே தெரிஞ்சிரும். பதிவு யார் பேர்ல இருக்கு, கடன் நிக்குதான்னு மீன்வளத்துறை ஆபீஸ்ல கேட்டுக்க.

ஆனா விசைப்படகே எதுக்கு? இங்க விசைப்படகு கடலுக்குப் போறது வாரத்துல மூணு நாள்தான், அதான் முறை. டீசல், ஐஸ், ஆள் பங்கு எல்லாம் அதுக்குள்ளயே தேறணும். இலங்கையில 2017ல கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடி வலைக்குத் தடை போட்டாங்க, மறுவருசம் வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தையும் ஏத்திட்டாங்க. எல்லை தாண்டுனதுன்னு படகைப் பிடிச்சிட்டா ஆள் வந்துருவான், படகு வர்றது சந்தேகம். உங்கம்மா சும்மா அழுகலை. வல்லம்னா சின்ன நாட்டுப்படகு, அதுக்குத் தடையே கிடையாது, விசைப்படகு நிக்கிற அந்த ரெண்டு மாசம் மீனுக்கு நல்ல விலையும் கிடைக்கும். கூடு போடத் தெரிஞ்சவன் தென்கடல், அதான் மன்னார் வளைகுடா பக்கம் பாரு. மொதல்ல கொஞ்ச நாள் எவன் வல்லத்துலயாவது பங்குக்குப் போ.

கீழக்கரை காக்கா:
நிரந்தரமா வந்துட்டா, வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கான என்.ஆர்.இ. கணக்கை உள்ளூர்க் கணக்கா மாத்தச் சொல்லி பேங்க்ல எழுதிக் குடுக்கணும் தம்பி. அதுக்கப்புறம் வட்டிக்கு வரிச்சலுகை கிடையாது. டாலராவே வெச்சிருக்கணும்னா, ஊர் திரும்புனவங்க வெளிநாட்டுக் காசு போட்டு வெக்கிற ஆர்.எஃப்.சி. கணக்குல போட்டுக்கலாம். படகைப் பாக்காம யாருக்கும் முன்பணம் அனுப்பாதீங்க, மச்சானா இருந்தாலும் சரி. பெட்டியில டேங் பவுடரை அடைக்காதீங்க, இங்கயே கிடைக்குது. கோடாலித் தைலம் மட்டும் கொஞ்சம் கூடவே வாங்குங்க, அத்தனை பேரும் கேப்பாங்க.

பாசிக்காரி, பாம்பன்:
அண்ணே, அம்மா சொன்னது, மச்சான் சொன்னது எல்லாம் எழுதியிருக்கீங்க. அண்ணி என்ன சொன்னாங்க? எங்க வீட்டுக்காரர் மஸ்கட்ல இருந்தப்ப கடன், மகளிர் குழு, பள்ளிக்கூடம் எல்லாம் நான்தான் பாத்தேன். தெப்பத்துல கடல்பாசி கட்டி, 45 நாளைக்கு ஒருக்க அறுத்து வித்து அந்தக் காசுலதான் ஓட்டுனது. வந்த கையோட ஒரு வார்த்தை கேக்காம வலைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து நின்னார். ரொம்ப நாள் பேசலை நான். பாப்பா பழகிரும், அது பிரச்சினையே இல்ல.

தங்கச்சிமடத்தான்:
நேத்து ராத்திரி கேட்டேன். 'வல்லம்னா வா, விசைப்படகுன்னா அங்கயே இரு'ன்னுட்டா. மே மாசத்துக்கு டிக்கெட் போடுறேன். சென்னையில இறங்கி ரயில்லயே ராமேஸ்வரம் வந்துரலாம்ல? புதுப் பாம்பன் பாலத்தைப் போன்லதான் பாத்திருக்கேன்.

வடகடல்:
வரலாம். 2025 ஏப்ரல்ல திறந்துட்டாங்க. 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயிலை நிறுத்துனதுல இருந்து அதுவரைக்கும் மண்டபத்துல இறங்கி பஸ்ஸுக்கு அலைஞ்சோம். தெரிஞ்ச ஆசாரி ஒருத்தர் இருக்கார், தடைக்காலத்துல அவரைப் பிடிக்கிறது கஷ்டம். தேதி தெரிஞ்சதும் சொல்லு, இப்பவே சொல்லி வெக்கிறேன்.