இடதுகைக்காரருக்கு ஜப்பான் கத்தி: யோசனை சொல்லுங்கள்

அடுத்த மாதம் வேலை விஷயமாக ஒசாகா போகிறேன். எங்கள் அத்தான் சமையல் பைத்தியம். அவருக்கு ஒரு நல்ல கத்தி வாங்கி வர ஆசை. கத்திக்குப் பேர்போன சகாய் ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் அங்கேயே போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பட்ஜெட் 15,000 யென்.

எல்லா வேலைக்கும் ஆகும் நீளமான சமையல் கத்தியான கியூத்தோ 210 மி.மீ. எடுப்பதா, அதே மாதிரிப் பொதுக் கத்தியான, குட்டையான சந்தோக்குவா? கீரை, வெங்காயம், கோழி எல்லாம் அவருக்கு ஒரே கத்தியில்தான். எலும்பையும் அதிலேயே போடுவார், அதுதான் பயம். இந்தக் கத்திகளின் எஃகு ரொம்பக் கடினம், எலும்பில் பட்டால் கூர் விளிம்பு சில்லாகப் பெயர்ந்துவிடும். வெட்டுக்கத்தி தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன், கேட்பாரா என்பது வேறு கதை.

ஷிரோகாமி மாதிரி கார்பன் எஃகு அருமையாகத் தீட்ட வருமாம். ஆனால் எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டு அப்படியே போட்டால் துருதான். அதனால் துருப்பிடிக்காத விஜி-10 எஃகு பக்கம் மனசு சாய்கிறது.

முக்கியமான சிக்கல், அத்தான் இடதுகைக்காரர். யானகிபா (மீனை மெல்லிசாகச் சீவும் கத்தி), தேபா (மீன் வெட்டும் கத்தி) போன்றவை ஒரு பக்கம் மட்டும் தீட்டியவை, வழக்கமாக வலதுகைக்குத்தான் செய்கிறார்கள். அவை வேண்டாம், சரி. ஆனால் இருபக்கமும் தீட்டிய கியூத்தோவிலும் சிலவற்றில் ஒரு பக்கம் கூடுதலாகத் தீட்டியிருப்பார்களாம். ஆங்கில டி வடிவக் கைப்பிடியும் வலதுகைக்கே பொருந்துமாமே. இடதுகையால் இப்படிக் கத்தி பிடிப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கடையில் எதைக் கவனித்து வாங்க வேண்டும்? கூடவே 1000 கிரிட் (கல்லின் நைஸ் அளவு) சாணைக்கல் ஒன்று போதுமா, 3000-மும் வேண்டுமா?