‘வழங்கல்’ சரிவரவில்லை, ‘திரட்டு’ என்று சொல்வோமா?

நண்பர்களுக்கு வணக்கம். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய லினக்ஸ், பல பெயர்களில் பல தொகுப்புகளாகக் கிடைக்கிறது. அத்தகைய ஒரு தொகுப்பை ஆங்கிலத்தில் டிஸ்ரிபியூஷன், சுருக்கமாக டிஸ்ரோ என்பார்கள். அதற்கு நாம் எழுதிவரும் ‘வழங்கல்’ என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன கிழமை ஒரு தங்கச்சி லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிறாள். கனடாவில் இருக்கும் மாமா பாவித்துவிட்டு அனுப்பிய கணினி. 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. அந்தப் பதிப்புக்கான இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இதில் இல்லை. “லினக்ஸ் போடுவம். எந்த வழங்கல் எண்டு முதல் பாப்பம்” என்றேன். அவள் கேட்டாள்: “ஆர் அண்ணா வழங்கினம்? பதிஞ்சு எடுக்க வேணுமோ?”

அவள் சொல்லைப் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. சொல் அப்படித்தான் விளங்கும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை என்ற பெயரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, வழங்கல் என்றால் ஒருவர் கொடுக்கிறார், மற்றவர்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற ஊர் இது. எவரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்ற ஒரு பொருளுக்கு இந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

நம் குழுவில் முன்பு பேசப்பட்ட மற்றச் சொற்களையும் யோசித்துப் பார்த்தேன். ‘பரம்பல்’ ஏற்கெனவே கணித பாடத்துக்குச் சொந்தம். மீடிறன் பரம்பல் படித்த பிள்ளை லினக்ஸ் பரம்பல் என்றால் வரைபைத் தேடும். ‘விநியோகம்’ வழங்கலின் அதே குறையோடு வருகிறது. அப்படியே ஒலிபெயர்ப்போம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ‘டிஸ்ரோ’ என்று எழுதுவோம், தமிழகத்தார் ‘டிஸ்ட்ரோ’ என்று எழுதுவார்கள். லப்ரொப், லேப்டாப் என்று அங்கும் இங்கும் பிரிந்து நின்றதை ‘மடிக்கணினி’தான் ஒன்றாக்கியது. ஒப்பறேற்றிங் சிஸ்ரம் என்பதை நாம் பணிசெயல் முறைமை என்கிறோம், அங்கே இயங்குதளம் என்கிறார்கள். அது பிரிந்து வேரூன்றிவிட்டது. இந்தச் சொல்லிலாவது பிரியாமல் இருப்போம்.

அப்புறம், ஆங்கிலத்தில் ஏன் அந்தப் பெயர் வந்தது என்று பாருங்கள். 1978இல் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து, லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமைக்கான நிரல்களை நாடாவில் பதிந்து மற்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய செயலே பொருளுக்குப் பெயராகி ஒட்டிக்கொண்டது. அந்த நாடாவும் தபாலும் அவர்களுடைய வரலாறு. நாம் அந்தச் செயலைத் தமிழாக்கத் தேவையில்லை. நமக்கு முன்னால் இருக்கும் பொருள் எதுவோ, அதற்குப் பெயர் வைத்தால் போதும்.

பொருள் எது? 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்று வெளியிட்டது கருவை, அதாவது வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரலை மட்டுமே. அதை வைத்து ஒரு சாதாரண ஆள் கடிதம் எழுத முடியாது. குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கருவிகள், எழுத்துருக்கள், உலாவி, நிறுவும் நிரல், பொதிகளை (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்களை) ஏற்றி இறக்கும் முறை என்று பலர் பல இடங்களில் செய்தவற்றைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒழுங்காகக் கோர்த்துத் தர ஆட்கள் வேண்டியிருந்தது. 1993இல் இயன் மர்டொக் டெபியனில் தொடங்கியது அந்த வேலையைத்தான். பல ஏடுகளிலிருந்து பாட்டுகளைத் தெரிந்து எடுத்து, பாடம் ஒப்பிட்டு, ஓர் ஒழுங்கில் வைத்தால் தமிழில் அதற்கு என்ன பெயர்? திரட்டு. அதனால் ‘லினக்ஸ் திரட்டு’ என்று முன்மொழிகிறேன்.

இந்தச் சொல் கிளைவிடவும் இடம் தருகிறது. டெபியன் தாய்த்திரட்டு; அதிலிருந்து 2004இல் வந்த உபுண்டு கிளைத்திரட்டு; உபுண்டுவிலிருந்து 2006இல் மின்ற். பதிப்பு என்று நிற்காமல் எந்நேரமும் புதுப்பித்துக்கொண்டே போகும் ஆர்ச் போன்றவற்றைத் தொடர்திரட்டு எனலாம். செய்பவர்கள் திரட்டுநர். பிள்ளைகளுக்கும் உடனே ஒரு நல்ல கேள்வி பிறக்கும்: எதை எதைத் திரட்டியிருக்கிறார்கள்? இலங்கை நியமமான ரெங்கநாதன் விசைப்பலகை முதல் நாளே கிடைக்குமா, அல்லது ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு மென்பொருளும் அதற்கான பொதியும் தனியாக ஏற்ற வேண்டுமா? ஒரு திரட்டைத் தெரிவு செய்யும்போது கேட்க வேண்டியது இதுதான்.

டெஸ்க்ரொப் என்விரோன்மென்றுக்கு ‘பணிச்சூழல்’ என்று எழுதுகிறோம். எனக்கு அது தொழிற்சங்க அறிக்கை போலக் கேட்கிறது. சம்பளமும் வேலைநேரமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. நான் ‘திரைமுற்றம்’ என்கிறேன். நம் நாற்சார் வீட்டில் உள்ளே வந்தவர் முதலில் முற்றத்தைப் பார்க்கிறார்; எந்த அறைக்கும் அங்கிருந்துதான் வழி. கணினியில் பட்டியும் சாளரங்களும் கோப்புறைகளும் அப்படித்தான் விரிகின்றன. 2011இல் க்னோம் என்ற திரைமுற்றத்தின் மூன்றாம் பதிப்பு அந்த முற்றத்தை முழுதாக மாற்றியமைத்தபோது, பழையதை விட மனமில்லாதவர்கள் மாத்தே என்று அதைக் காப்பாற்றிக்கொண்டார்கள்; மின்ற் ஆட்கள் சினமன் என்று தங்களுக்கு வேறொன்று எடுத்தார்கள். முற்றம் என்று சொன்னால் அந்தப் பிடிவாதம் நம் ஆட்களுக்கு உடனே விளங்கும். ஒரே கணினியில் இரண்டு திரைமுற்றங்களை வைத்து, உள்நுழையும்போது ஒன்றைத் தெரியலாம் என்பது வீட்டோடு பொருந்தவில்லை. ஆனாலும் உவமை அவ்வளவு தூரம் வந்தாலே எனக்குப் போதும்.

தங்கச்சியிடம் மறுபடி இப்படிச் சொன்னேன்: “திரட்டு மின்ற், திரைமுற்றம் எக்ஸ்எப்சிஈ. க்னோம் வடிவானதுதான், ஆனா தொடங்கின உடனையே ஒரு ஜிபிக்கு மேல எடுத்திடும். உன்ர நாலு ஜிபிக்கு இது பாரமில்லை.” அவள் வேறு விளக்கம் கேட்கவில்லை. “அப்ப பிறகு திரைமுற்றத்தை மட்டும் மாத்தலாமோ?” என்று கேட்டாள். மாற்றலாம் என்றேன். இரண்டும் வேறு வேறு என்பதை ‘வழங்கல்’, ‘பணிச்சூழல்’ என்று சொல்லி நான் ஒருநாளும் இவ்வளவு விரைவாக விளங்கப்படுத்தியதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. வலைப்பதிவுகளைத் திரட்டும் தளங்களுக்குத் ‘திரட்டி’ என்ற பெயர் வழக்கில் இருக்கிறது. திரட்டுவது திரட்டி, திரட்டப்பட்டது திரட்டு என்று இலக்கணம் பிரித்துத் தருகிறது. என்றாலும் வாயில் குழம்புமா என்று தெரிய வேண்டும். உரத்து நாலு வசனம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மாணவர்களுக்கான சிறு கையேடு அடுத்த கிழமை அச்சுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வந்தால் இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டுப் பழையபடி வைப்பேன். ‘திரைமுற்ற’த்தை விடச் சிறந்தது எவரிடமாவது இருந்தால் அதையே சந்தோசமாகப் போடுவேன்.