செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மதராஸ்' பள்ளி: அந்த முறை யாருடையது?

திண்ணை வாத்தியார்:
ஸ்காட்லாந்தில் ஃபைஃப் என்ற பகுதி. அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் பெயர் மதராஸ் காலேஜ். 1833 முதல் நடக்கிறது. பணம் கொடுத்தவர் ஆண்ட்ரூ பெல். அதே ஊரில் 1753இல் பிறந்தவர், முடிதிருத்துபவரின் மகன். 1789இல் நம் எழும்பூரில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்த்தார். தமிழைத்தான் அன்றைய வெள்ளைக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே எழுத்தை உரக்கச் சொல்கிறார்கள். அதை அப்படியே தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். அப்புறம் 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார், 'மதராஸ் முறை' என்று உலகமெங்கும் பரவியது. இது மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் சட்டாம்பிள்ளை முறை. எடுத்துக்கொண்டவர் பெயரில் நினைவுச் சின்னமும் பள்ளியும் நிற்கின்றன, கொடுத்தவன் பெயர் எங்கும் இல்லை. இதைத் திருட்டு என்றுதான் சொல்வேன்.

கூப்பர் மீனா:
ஐயா, நான் செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து பத்து மைலில், கூப்பரில் இருக்கிறேன். 'திருட்டு' என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. பெல் மறைத்தாரா? மணல் எங்கிருந்து வந்தது என்று அவரேதான் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதாவிட்டால் நீங்களும் நானும் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

இன்னொன்று, ஃபைஃப் பள்ளிகளின் கதை பெல்லில் தொடங்கவில்லை. 1696லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது: ஒவ்வொரு திருச்சபை வட்டத்திலும் நிலவுடைமையாளர்கள் பள்ளிக்கூடமும் கட்ட வேண்டும், வாத்தியாருக்கு ஆண்டுக்கு 100 முதல் 200 மெர்க் (அன்றைய ஸ்காட்லாந்து நாணயம்) வரை சம்பளமும் தர வேண்டும். ஊர் வாத்தியாரை 'டொமினி' என்பார்கள். பலர் தேவாலயக் கணக்கும் எழுதி, அங்கே பாட்டும் நடத்தித்தான் வயிறு வளர்த்தார்கள். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் இதே ஃபைஃபில் கிர்கால்டி ஊர்ப்பள்ளியில் படித்தவர். ஸ்காட்லாந்தின் சாதாரண மக்கள் அநேகமாக எல்லோரும் வாசிக்கக் கற்றது இந்தப் பள்ளிகளால்தான் என்று 1776இல் அவர் எழுதினார். பெல் அப்போது கப்பல் ஏறி வர்ஜீனியாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார், மதராஸைப் பார்த்தது கூட இல்லை.

ரகு:
பள்ளி இருந்தது சரி. கேள்வி முறையைப் பற்றியது. மணல் மலபார் பள்ளியிலிருந்து வந்தது, பிள்ளையே பிள்ளைக்குப் பாடம் சொல்வது மட்டும் தன் யோசனை என்பதுதான் பெல்லின் கணக்கு. மணலில் சொல்லிக்கொடுக்க உதவி வாத்தியார் மறுத்தாராம். பெல் ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனை அந்த இடத்தில் உட்கார வைத்தாராம், அவன் ஜெயித்துவிட்டானாம். நடந்திருக்கலாம். ஆனால் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது இங்கே ஏற்கெனவே இருந்தது. 1623இல் கர்நாடகத்தில் பையன்கள் மணலில் எழுதி, பாடி, ஒருவரையொருவர் திருத்திக்கொண்டதை இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே பதிவு செய்திருக்கிறார். 1823இல் மதராஸ் மாகாணப் பள்ளிக் கணக்கெடுப்புக்கு எழுதிய பதிலில் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் இன்னும் நேராகவே சொன்னார்: முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பிக்கும் இந்த முறை போற்றத்தக்கது, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும். எழுதியவர் கம்பெனி அதிகாரி.

திண்ணை வாத்தியார்:
அதைத்தான் சொல்கிறேன். அந்தக் கணக்கெடுப்பைக் கேட்டதும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்தான், கிளாஸ்கோவில் பிறந்த கவர்னர் மன்றோ. மாகாணத்தில் 12,498 பள்ளிகள் என்று எண்ணிக்கை வந்தது. பெல் பார்த்தது ஏதோ ஒரு அதிசயப் பள்ளியை அல்ல. தெருவுக்குத் தெரு இருந்ததைத்தான் பார்த்தார்.

கூப்பர் மீனா:
ரகு, கேம்பெல் குறிப்புக்குப் பிறகு நான் ஒரு படி இறங்கி வருகிறேன். சட்டாம்பிள்ளை முறை பெல்லின் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் எனக்குப் பெரிய கேள்வி வேறு: அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? 1787இல் மதராஸில் இறங்கும்போது கையில் 128 பவுண்டு. ஒரே நேரத்தில் பல படைப்பிரிவுகளின் பாதிரி வேலைகளை வைத்துக்கொண்டு, 1796இல் கப்பல் ஏறும்போது 25,000 பவுண்டுக்கு மேல். கடைசியில் 1,20,000 பவுண்டைப் பள்ளிகளுக்கு எழுதி வைத்தார். பெரும்பங்கு செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு, மற்றது எடின்பரோ, லீத், இன்வர்னஸ் போன்ற ஊர்களுக்கு. எங்கள் கூப்பரிலும் அவர் பணத்தில் ஒரு மதராஸ் அகாடமி இருந்தது. அதுதான் வளர்ந்து இன்று பெல் பாக்ஸ்டர் பள்ளி. மணலுக்குக் கணக்குக் கேட்கிறீர்களே, சம்பளத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள் ஐயா!

சௌத் தெருவில் பழைய மதராஸ் காலேஜ் கட்டடத்தின் முன்னால் ஒருமுறை நின்றேன். வாசலிலேயே பிளாக்ஃபிரையர்ஸ் துறவிகளின் தேவாலயம், கூரையில்லாமல் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது. பின்னால் வில்லியம் பர்ன் கட்டிய கல்மாளிகை. ஊரின் பழைய இலக்கணப் பள்ளியும் ஆங்கிலப் பள்ளியும் அதற்குள் சேர்ந்துபோயின. அவ்வளவு பெரிய வீட்டில் மணல் பலகை நிலைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கலாம், லத்தீனைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? 1846க்குப் பிறகு பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்கள் வந்தார்கள், சட்டாம்பிள்ளைகள் மறைந்தார்கள். முறை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

திண்ணை வாத்தியார்:
சம்பளக் கணக்கை நான் யோசிக்கவில்லை அம்மா, அது நியாயமான அடி. ஆனால் 'முறை போய்விட்டது' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் முப்பது வருடம் ஓராசிரியர் பள்ளியில் இருந்தவன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து 'அ' போட வைப்பதை நாள்தோறும் பார்த்தேன். சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கும் அன்றுதான் அந்த எழுத்து உறுதிப்படும்.

ரகு:
ஐயா, திண்ணைப் பள்ளியில் பிரம்பும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையும் இருந்ததையும் சொல்ல வேண்டும். பெல் அந்த இடத்தில் விலகினார். குற்றத்தை ஏட்டில் எழுதி, மாணவர் குழுவையே விசாரிக்க வைத்தார், அடியை ஒதுக்கினார். அவர் எடுத்ததை மட்டும் சொல்லி, ஒதுக்கியதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

கூப்பர் மீனா:
அந்த நல்ல பகுதிதான் அவர் சொந்த மண்ணில் ஒட்டவே இல்லை. ஸ்காட்லாந்து வாத்தியார்கள் அடிக்கப் பயன்படுத்தியது தோல்வார், நுனி வாலாகக் கிழிந்திருக்கும், அதைச் செய்வதற்குப் பேர்போன ஊர் இதே ஃபைஃபில் லொக்கெல்லி. 1976இல் கவுடன்பீத்தில் ஒரு பையன் அடிக்குக் கை நீட்ட மறுத்தான், பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். வழக்கு ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 1982இல் பெற்றோர் பக்கம் தீர்ப்பு வந்தது. 1987இல்தான் அரசுப் பள்ளிகளில் அடி சட்டப்படி நின்றது. கவுடன்பீத்தும் ஃபைஃப்தான்.

திண்ணை வாத்தியார்:
இதை இன்றுதான் தெரிந்துகொண்டேன். சரி, 'திருட்டு' என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கோரிக்கையை விடமாட்டேன்: பெல் பெயர் இருக்கும் இடத்தில் 'எழும்பூர் அருகே ஒரு தமிழ்ப் பள்ளியில் கற்றது' என்று ஒரு வரி வேண்டும்.

கூப்பர் மீனா:
2021இல் பள்ளி ஊரின் மேற்கே லாங்லாண்ட்ஸில் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது ஐயா, சௌத் தெருக் கட்டடம் பல்கலைக்கழகத்துக்கு. கடிதம் எழுதினால் இரண்டு இடத்துக்கும் எழுத வேண்டும். வரைவை நீங்கள் போடுங்கள். சம்பளத்தைப் பற்றிய வரியை நான் சேர்ப்பேன், அதை வெட்டக் கூடாது.