சென்னை தினத்தை வண்ணாரப்பேட்டையில் எப்படிக் கொண்டாடலாம்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை வாசி

வணக்கம். வரும் ஆகஸ்ட் 22 அன்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் சென்னை தின விழா ஒன்றை நடத்த விரும்புகிறோம். மரபு நடைகளும் சொற்பொழிவுகளும் பெரும்பாலும் மயிலாப்பூரையும் ஜார்ஜ் டவுனையும் எழும்பூரையுமே சுற்றி வருகின்றன என்பது எங்கள் பகுதியில் நெடுநாளைய மனக்குறை. ஆனால் சங்கக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் பெற்ற நாளை நாம் எதற்காக ஊரின் பிறந்தநாளாகக் கொண்டாட வேண்டும் என்று கேட்டார். அவருக்கு என்ன விடை சொல்வது, விழாவில் எதையெல்லாம் சேர்ப்பது என்று விவரம் அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கல்வெட்டு ஆர்வலர்

பெரியவரின் கேள்வி மிகவும் நியாயமானது. 1639இல் இப்பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே பெற்ற கடற்கரை நிலமானியத்தை வைத்துத்தான் இந்த நாள் குறிக்கப்படுகிறது. அந்த ஆவணத்தின் தேதி ஜூலையா ஆகஸ்டா என்பதிலேயே ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சென்னை வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையா உள்ளிட்ட சிலரின் முயற்சியால் 2004 முதல் நடந்துவரும் இந்தக் கொண்டாட்டத்துக்கு வெகுகாலம் முன்பே இங்கே ஊர்கள் இருந்தன. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. மயிலாப்பூரின் திருவிழாக்களைத் திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே பாடியிருக்கிறார். அவற்றுக்கெல்லாம் இது பிறந்தநாள் ஆகாது.

வண்ணாரப்பேட்டையின் கதை வேறு. கம்பெனி இந்தக் கரையைத் தேடி வந்ததே இங்கே துணி மலிவாகக் கிடைத்த காரணத்தால்தான். அந்தத் துணியை வெளுத்துக் கப்பலேற்றும் நிலைக்குக் கொண்டுவந்த வண்ணார்கள் குடியமர்ந்த இடம் உங்கள் பேட்டை. ஆகவே அந்த மானியத்தின் வரலாற்றைப் பேசுவதற்கு உங்களைக் காட்டிலும் உரிமை உடையவர்கள் குறைவு. கோட்டையின் படத்தை மேடைக்குப் பின்னால் மாட்டுவதற்குப் பதிலாக, நெய்தவர்களையும் சாயமிட்டவர்களையும் வெளுத்தவர்களையும் விழாவின் நடுவில் நிறுத்துங்கள். பெரியவரின் கேள்விக்கும் அதுவே தகுந்த விடையாக அமையும் என்று நம்புகிறேன்.

பதில் 2: வடசென்னை நடையாளர்

உங்கள் பகுதியில் நடத்துவதற்கு மிகச் சிறந்த மரபு நடை ஒன்று காத்திருக்கிறது. பழைய சிறைச்சாலை சாலையை ஒட்டிய மாடிப் பூங்காவிலிருந்து தொடங்குங்கள். 1760களின் இறுதியில் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் வாயில்வரை வந்து சென்ற பிறகு, கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதி) காக்க எழுப்பப்பட்ட மதிலின் எஞ்சிய பகுதி அதுதான். அந்த மதிலுக்காக மக்களிடம் வரி வசூலிக்கத் திட்டமிட்டதன் நினைவு வால்டாக்ஸ் (Wall Tax, அதாவது மதில் வரி) சாலையின் பெயரில் இன்றும் நிற்கிறது. தினமும் அந்த வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டிருக்கும் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

அங்கிருந்து இராயபுரம் ரயில் நிலையத்தில் நடையை முடிக்கலாம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது அங்கிருந்துதான். நிலையத்துக்குள் கூட்டமாகச் செல்வதற்கும் படம் எடுப்பதற்கும் முன்னதாகவே ரயில்வேயிடம் எழுதி அனுமதி பெற்றுவிடுங்கள். ஆகஸ்டு வெயிலை எண்ணிக் காலை ஆறரை மணிக்குள் தொடங்குவது நல்லது. மாலையில் மழை குறுக்கிடக்கூடும்.

பதில் 3: ஓய்வுபெற்ற ஆசிரியை

நடை வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் விழாவை அதோடு முடித்துவிட்டால், அதிகம் சொல்ல வேண்டியவர்களான முதியோர் வீட்டிலேயே தங்கிவிடுவார்கள். சங்கக் கட்டடத்தில் ஒரு நாள் கண்காட்சி வையுங்கள். பழைய குடும்ப அட்டை, ஆலை அடையாள அட்டை, திருமணப் படம், இஸ்திரிப் பெட்டி என்று வீட்டில் இருப்பதை எடுத்துவரச் சொல்லுங்கள். இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பெரம்பூரில்தான் உருவானது; அந்தச் சங்கத்தினர் வேலை செய்த பின்னி துணி ஆலையின் தொழிலாளர்களின் குடும்பங்கள் உங்களைச் சுற்றி இன்னும் இருக்கின்றன. அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளில் இருக்கும் காகிதங்கள் எந்த நூலகத்திலும் கிடைக்காதவை.

கொண்டுவரும் படங்களையும் காகிதங்களையும் யாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அங்கேயே நகலெடுத்து, உரியவர் கையிலேயே உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மேல்நிலை வகுப்பு மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் கேள்வி கேட்கவும் மற்றவர் கைபேசியில் பதிவு செய்யவும் பழக்குங்கள். பேசுபவரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். சலவைத் தொழில் செய்த குடும்பங்களிடம் பேசும்போது சாதியைச் சுட்டிப் புண்படுத்தும் கேள்வி எதுவும் வந்துவிடாதபடி மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர்களுடைய தொழில்நுட்பத்தை, எந்தத் துணிக்கு என்ன பக்குவம் என்பதைக் கேட்கச் சொல்லுங்கள். பெண்களிடம் தனியாகக் கேட்பதும் அவசியம், ஏனெனில் ஆண்கள் சூழ்ந்திருக்கும்போது அவர்கள் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. இந்த வேலைக்குக் குறைந்தது ஒரு மாதம் தேவைப்படும் என்பதால், ஜூலை நடுவிலேயே வீடு வீடாகச் சென்று சொல்லத் தொடங்கிவிடுங்கள்.