விடுவதற்கென்றே மீன் பிடிக்கலாமா? இங்கிலாந்து ஏரிகளில் கோடைத் தூண்டில்

அல்லிக்குளம் (நார்த்தாம்ப்டன்)

கடந்த வாரம் நான் இட்ட டென்ச் மீன் படத்தின் கீழே கண்மாய்க்கரை என்ற பெயரில் எழுதுபவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "திரும்பத் தண்ணீரில் விடுவதற்குத்தான் என்றால் எதற்குப் பிடிக்க வேண்டும்?" இரண்டு வரியில் பதில் சொல்லிக் கடந்துபோக மனமில்லை. அதனால் தனி இழை.

தெரியாதவர்களுக்கு ஒரு சொல். சால்மன், டிரவுட் வகைகளை ஒதுக்கிவிட்டால் மிச்சமிருக்கும் நன்னீர் மீன்களை இங்கே ‘கோர்ஸ்’ மீன் என்பார்கள். கெண்டை, ரோச், பிரீம், டென்ச், பெர்ச், பைக் எல்லாம் அதில் அடக்கம். சால்மன் சீமான்களின் மீன் என்றால் இவை சாமானியர்களின் மீன். எனக்கு இவற்றின்மேல் பிரியம் வந்ததே அதனால்தான்.

நான் போகும் ஏரி நீன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சரளைக்கல் தோண்டிய பெருங்குழியில் நீர் நிறைந்து உண்டானது. ஜூன் மாதத்தில் நாலே முக்காலுக்கு வெயில் வந்துவிடும். அதற்கு முன் போய் அல்லி இலைகளின் ஓரமாகத் தூண்டிலைப் போட்டுவிட வேண்டும். முதலில் குமிழிகள் வரும். குண்டூசித் தலையளவுதான் இருக்கும், கொத்துக் கொத்தாக நுரைபோல. அடிச்சேற்றை டென்ச் கிளறுகிறது என்று பொருள். என் தக்கை மயிலிறகுத் தண்டு. ஊரில் சிறுவயதில் செய்ததேதான். இந்த ஊர்ப் பெரியவர்களும் அதற்கு ஈடில்லை என்கிறார்கள். டென்ச் இரையை எடுக்கும்போது அடியில் கிடக்கும் எடைக்குண்டும் சேர்ந்து தூக்கப்படும். அப்போது தக்கை மூழ்காது. மேலே எழும்பி, அப்படியே சாய்ந்து தண்ணீர்மேல் படுத்துக்கொள்ளும். அந்த நொடிக்காக நான் வாரத்தில் ஐந்து நாள் காத்திருக்கிறேன்.

கைவலையில் வந்த மீன் பாசிப்பச்சை நிறம். செதில் இருப்பதே தெரியாது, அவ்வளவு பொடி. கண் குன்றிமணிபோலச் சிவப்பு. நனைத்த மெத்தையில் கிடத்தி, ஈரக்கையால் தூண்டில்முள்ளை எடுத்து, தண்ணீருக்குள் பிடித்திருந்தால் வாலை ஒருமுறை அசைத்துவிட்டுப் போய்விடும். எடுத்தது எதுவுமில்லை. இதில் என்ன குற்றம்?

கண்மாய்க்கரை (லண்டன்)

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் ஐயா. அந்த அழகோடு எனக்குச் சண்டை இல்லை. "எடுத்தது எதுவுமில்லை" என்ற இடத்தில்தான் சண்டை.

எனக்கு மேலூர்ப் பக்கம். கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் ஆகும்போது மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை, வேட்டி என்று கையில் கிடைத்ததோடு ஊரே இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி எல்லாம் ஏறும். அன்று பிடித்த மீனை விற்கக் கூடாது. மீன் கிடைக்காத வீட்டுக்குக் கிடைத்த வீட்டிலிருந்து போகும். என் அப்பத்தா விராலைச் சாம்பலில் புரட்டி வழும்பு போகத் தேய்ப்பார். தலை குழம்புக்கு, நடுத்துண்டு வறுவலுக்கு, குடல் முருங்கை மரத்தடிக்கு. ஒன்றும் வீண்போகாது.

அங்கேயும் மீன் துடிக்கத்தான் செய்தது. ஆனால் எதற்காகத் துடித்தது என்று அப்பத்தாவால் சொல்ல முடியும். உங்கள் ஏரியில் அது எதற்காகத் துடிக்கிறது? உங்கள் கையில் ஒரு துடிப்பு தெரிய வேண்டும் என்பதற்காக. அதைப் பிரியம் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அல்லிக்குளம்

வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு உரிமையே இல்லை, தம்பி. தனியார் ஏரியில் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் மீனை எடுத்தால் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில் அது குற்றம். ஆறுகளில் கொஞ்சம் எடுக்கலாம். ஒரு நாளைக்கு 20 செ.மீ. வரையுள்ள சிறுமீன் 15, 65 செ.மீ. வரையுள்ள பைக் ஒன்று. அதற்கும் மீன்பிடி உரிமை வைத்திருப்பவர் சம்மதிக்க வேண்டும். பெருமீனைத் தொடவே கூடாது. காரணம் இருக்கிறது. இந்தக் குளிரில் மீன் மெதுவாகத்தான் வளரும். ஒரு பெரிய டென்ச் உருவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். ஆளுக்கு ஒன்று எடுத்துப்போனால் இரண்டே கோடையில் ஏரி வெறும் தண்ணீர்தான்.

விட்டால் மீன் வாழ்கிறது என்பதற்குப் பெரிய சாட்சி இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருந்தது. பீட்டர்பரோ அருகே ஓர் ஏரியில் பென்சன் என்று பெயர் வைத்த பெருங்கெண்டை. ஏறத்தாழ 64 பவுண்டு எடை. 2009இல் இறப்பதற்குள் அறுபது தடவைக்கு மேல் பிடிபட்டு விடப்பட்டது. ஒருவரின் சட்டியில் ஒருநாள் முடிந்திருக்க வேண்டிய மீன் அது.

வன்னியான் (சூரிச்)

நான் இருக்கும் நாட்டில் சட்டம் நேர் எதிர். சுவிட்சர்லாந்தில் விடுவதற்கென்றே மீன் பிடிக்கக் கூடாது. அளவு குறைந்த மீனையும் பிடிக்கத் தடையுள்ள காலத்து மீனையும் கட்டாயம் விட வேண்டும். அளவுள்ள மீனை எடுத்தால் உடனே தலையில் அடித்து மயக்கி, இரத்தம் வடியவிட வேண்டும். மீன்பிடி அட்டை எடுப்பதற்கே மீனை எப்படிக் கையாள்வது, எப்படிக் கொல்வது என்று படித்துச் சான்று வாங்கினேன். உண்ணப் போகிறாய் என்றால் பிடி, இல்லாவிட்டால் மீனை வருத்தாதே என்பதுதான் அந்த வகுப்பில் சொன்னது.

வன்னியில் குளக்கட்டில் தங்கூசி நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு விராலுக்கு இருந்தவன் நான். இப்போது ஏரிக்கரையில் எக்லி என்ற பெர்ச் மீனுக்கு இருக்கிறேன். நான்கு பிடித்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன், வீட்டில் நாங்கள் நான்கு பேர். அல்லிக்குளம் அண்ணை, உங்கள் ஆள் பென்சன் அறுபது தடவை உயிர் பிழைத்தது என்கிறீர்கள். அறுபது தடவை மரண பயம் அடைந்தது என்றும் அதைச் சொல்லலாம் அல்லவா?

கெண்டைப்பித்தன் (கென்ட்)

மரண பயம் என்பது நம்முடைய சொல். வலியை உணர நமக்கு இருக்கும் மூளைப் புறணி மீனுக்குக் கிடையாது என்று வாதிடும் அறிவியலாளர்கள் இருக்கிறார்கள். உதட்டில் ஏறும் முள்ளை நம் உதட்டில் ஏறியதாக நினைத்துப் பார்ப்பது சரியான அளவுகோல் அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் மருத்துவமனையில் இரவுப் பணி செய்பவன். பணி முடிந்த காலையில் நேராக ஏரிக்குப் போவேன். கொண்டை முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும். நீல ஊசித்தட்டான் வந்து தூண்டில் கம்பின் நுனியில் உட்காரும். இரவு முழுவதும் கேட்ட இயந்திர ஒலி அங்கேதான் காதைவிட்டுப் போகிறது. அந்த ஏரியில் நச்சு கலந்தால் முதலில் கண்டுபிடித்துக் கத்துபவர்களும் நாங்கள்தான். அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால் சிறு ஈயக்குண்டு விற்பனைக்கு 1987இல் தடை வந்தது. இன்று எங்கள் பெட்டிகளில் அந்தச் சிறு ஈயக்குண்டு இல்லை. நீர்நிலையின்மேல் அக்கறை இல்லாதவர்கள் என்று மட்டும் எங்களைச் சொல்லாதீர்கள்.

நீர்ச்சுழி (ரெடிங்)

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவள் என்ற முறையில் இரண்டு விஷயம். முதலில் வலி. 2003இல் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் பக்கவாட்டில் ஆடின. சில உதட்டைத் தொட்டியின் சரளையில் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. இது வலிதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ‘ஒன்றுமே தெரியாது’ என்று சொல்லும் இடத்தில் நாம் இல்லை. நெதர்லாந்தில் 1970இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒருமுறை முள்ளில் சிக்கிய கெண்டை அதன்பின் எளிதில் சிக்கவில்லை. ஏதோ ஒன்று அதற்கு நினைவிருக்கிறது.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம், அதை இங்கே யாரும் தொடவில்லை. வெப்பம். பத்து டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். இருபத்தைந்து டிகிரியில் எட்டு சொச்சம்தான். அதே வெப்பத்தில் மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜனோ கூடுகிறது. போராடிக் களைத்த மீனுக்கு அந்தக் கடனை அடைக்க நீரில் காற்றில்லை. வாலை அசைத்துப் போய்விட்டது என்று நாம் திரும்பிவிடுவோம். அல்லிக் கொடிகளுக்கடியில் என்ன ஆனது என்று நமக்குத் தெரியாது.

அல்லிக்குளம் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். பகலில் செடிகள் ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அவையும் சுவாசிக்கும், பாசியும் சுவாசிக்கும். அதனால் செடி அடர்ந்த ஏரியில் ஆக்சிஜன் மிகக் குறையும் நேரம் விடியற்காலை. நீங்கள் போய் உட்காரும் அதே நேரம்.

கெண்டைப்பித்தன்

டென்ச் குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கும் மீன் ஆயிற்றே? சேற்றுக் குட்டையில்கூட வாழும் என்பார்கள்.

நீர்ச்சுழி

உண்மை. நீலகிரிக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே டென்ச் மீனை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்ததற்கு அந்தக் கடினத் தன்மையும் உதவியது. ஆனால் உங்கள் முள்ளுக்கு டென்ச் மட்டும் வருகிறதா? பிரீமுக்கும் பெர்ச்சுக்கும் அந்தத் தாங்குதிறன் இல்லை. பைக் பார்ப்பதற்குத்தான் முரடு, கோடை நீரில் அதைக் களைக்க வைத்தால் எளிதில் செத்துப்போகும். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட வாரங்கள் இனி வரத்தான் செய்யும்.

அல்லிக்குளம்

இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். மறைக்க விரும்பவில்லை, போன ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல வெக்கை. ஐந்து பிரீம் பிடித்து, கடைசியில் சேர்த்துப் படம் எடுக்கலாம் என்று காப்புவலையில் போட்டுத் தண்ணீரிலேயே வைத்திருந்தேன். இரண்டு மணி நேரம் இருக்கும். வலையைத் தூக்கியபோது இரண்டு மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. செவுள் மெதுவாகத் திறந்து மூடியது. ஒன்றைத் தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன், கால் மணி நேரத்தில் நீந்திப் போனது. இன்னொன்று என் கையிலேயே இறந்தது. மீனுக்கு வயதாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீர்ச்சுழி அம்மா எழுதியதைப் படித்தபின் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

காப்புவலையை இனித் தொட மாட்டேன். நீர் வெப்பமானி ஒன்று வாங்கப் போகிறேன்.

கண்மாய்க்கரை

திறந்து சொன்னதற்கு நன்றி ஐயா. ஆனால் அது வெயில் நாளைப் பற்றிய பதில். மற்ற நாளில்? நீர் குளிர்ந்ததும் அதே மீனை மறுபடி இழுப்பீர்கள்தானே? கரையில் உட்கார்ந்து முக்குளிப்பானையும் தட்டானையும் பார்ப்பதற்குத் தூண்டில் எதற்கு?

அல்லிக்குளம்

இழுப்பேன். அதைப் பொய்யாக மறுக்க மாட்டேன்.

ஒருமுறை தோள்வலியால் மூன்று வாரம் வெறுமனே போய் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீருக்கு மேலே இருப்பதெல்லாம் தெரிந்தது. ஆனால் ஏரி எனக்கு மூடிக்கொண்டுவிட்டது. கரையிலிருந்து எட்டடியில் ஒரு சரிவு இருப்பதும், அதன் அடியில் சேறு மாறிச் சரளை தொடங்குவதும், அந்த விளிம்பில்தான் டென்ச் மேய்வதும் எனக்குத் தூண்டில் நரம்பு வழியாகத்தான் தெரிந்தது. கண்ணால் தெரிந்ததில்லை. உங்கள் அப்பத்தாவுக்கு விரால் சாம்பலில் புரளும்போது தெரிந்ததைப் போல எனக்கு இது கையில் தெரிகிறது. இதற்காக ஓர் உயிரை வருத்தலாமா என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் முழு பதில் இல்லை. எதிர்முள் இல்லாத தூண்டில்முள், ஈரக்கை, குறைந்த நேரம் என்று என்னால் முடிந்த அளவு வருத்தத்தைக் குறைக்கிறேன்.

வன்னியான்

குறைப்பதும் நிறுத்துவதும் ஒன்றல்ல, அண்ணை. ஏரிக்காரரிடம் கேட்டு, வருடத்தில் இரண்டு மீனாவது எடுத்துச் சமையுங்கள். மற்ற நாட்களில் போகாதீர்கள். என் வழி அதுதான்.

கண்மாய்க்கரை

என் கருத்தும் மாறவில்லை. ஆனால் வெப்பமானி வாங்கியதும் அளவை இங்கே எழுதுங்கள்.

அல்லிக்குளம்

சொன்னபடி வெப்பமானி வாங்கிவிட்டேன். இன்று காலை 4.50 மணி, அரை மீட்டர் ஆழத்தில் 24 டிகிரி. முந்தின இரவு இடி மட்டும் இடித்தது, மழை இல்லை. தண்ணீர் பச்சைக் கஞ்சிபோல இருந்தது. அல்லி இலைகளுக்கு நடுவில் மூன்று கெண்டைகள் வாயை மேற்பரப்பில் வைத்துக் காற்றுக்குத் திணறிக்கொண்டிருந்தன. கை நீட்டினால் தொடும் தூரம், அவை விலகவே இல்லை. தூண்டில் பையைத் திறக்காமல் ஏரிக்காரரைத் தொலைபேசியில் எழுப்பினேன். ஏழு மணிக்குப் பம்பு வந்து தண்ணீரை அள்ளி வீசத் தொடங்கியது. எட்டரைக்கு மூன்றும் கீழே போய்விட்டன.