மறு: நெட்கோடு மோதலைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

நெட்கோடு என்பது இணையவழி விளையாட்டில் கணினிகளுக்கிடையே தகவலைக் கொண்டுபோகும் நிரல். அதன் பெயரால் நாம் சொல்லும் நெட்கோடு மோதலுக்கு இந்த இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: வலைநிரல், பேய்மோதல், தொடாமோதல், சுணக்க மோதல், இடமாறு மோதல். சிம் பந்தயத் தொடருக்கான (கணினியில் காரோட்டும் இணையவழிப் பந்தயம்) விதிமுறை வரைவில் மற்ற பக்கங்கள் ஓரளவு முடிந்துவிட்டன. இந்த ஒரு சொல்லில்தான் வண்டி நிற்கிறது. இது தண்டனைப் பகுதியில் வரும் சொல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> நெட்கோடுக்கு நேராக வலைநிரல் என்று வைத்துவிட்டுப் போகலாமே?

வைக்கலாம். ஆனால் ஓட்டுநர்கள் பந்தயத்தின் நடுவே "நெட்கோடு, நெட்கோடு" என்று கத்தும்போது யாரும் நிரலைப் பற்றிப் பேசவில்லை. தன் திரையில் இரண்டு காருக்கும் நடுவே தெளிவாக இடைவெளி தெரிந்தது, ஆனாலும் இடித்துவிட்டது, அதைத்தான் சொல்கிறார்கள். மென்பொருள் எழுதுபவர்களுக்கு வலைநிரல் என்ற சொல் தேவைப்பட்டால் வைத்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது அந்த நிகழ்வுக்கான பெயர்.

அது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டால் பாதிப் பரிந்துரைகள் தானாகவே விழுந்துவிடும். இந்த சிம்களில் பெரும்பாலும் ஒவ்வொருவருடைய காரையும் அவரவர் கணினிதான் கணக்கிடுகிறது. அந்தக் கார் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்ற தகவல் சர்வருக்குப் போய், அங்கிருந்து மற்றவர்களுக்கு வருகிறது. வந்து சேரும்போது அது பழைய செய்தி. 250 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் நொடிக்கு 69 மீட்டர் கடக்கிறது. பத்தில் ஒரு நொடி தாமதம் என்றாலே கிட்டத்தட்ட 7 மீட்டர், அதாவது ஒரு ஜிடி3 வகைப் பந்தயக் காரின் ஒன்றரை நீளம். பழைய இடத்திலேயே காரை வரைந்து காட்டினால் பந்தயமே நடத்த முடியாது. அதனால் உங்கள் கணினி, "இதே வேகத்தில் போயிருந்தால் இப்போது இங்கே இருக்கும்" என்று கணித்து அந்த இடத்தில் வரைகிறது. உங்கள் திரையில் உங்கள் கார் மட்டும்தான் இந்த நொடியில் இருக்கிறது. சுற்றி ஓடுபவை எல்லாம் கணிப்பு.

இதனால்தான் எனக்கு சுணக்க மோதலில் உடன்பாடு இல்லை. சொல் நன்றாக இருக்கிறது, லேக் என்பதற்குச் சுணக்கம் பொருத்தமும்கூட. ஆனால் சுணக்கம் மட்டுமே இடிக்காது. நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் போகும் காரின் கணிப்பு, பிங் (தகவல் போய்வர ஆகும் நேரம்) கூடுதலாக இருந்தாலும் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். முன்னால் போகிறவர் பிரேக் மிதிக்கும்போதுதான் கதை மாறுகிறது. அவருடைய வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 15 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தி உங்களுக்கு வர 0.1 நொடி ஆனால், உங்கள் திரையில் அவர் கார் உண்மையான இடத்தைவிட ஏழரை செ.மீ. முன்னால் தெரியும். 0.2 நொடி ஆனால் 30 செ.மீ. தாமதம் இரண்டு மடங்கானால் விலகல் நான்கு மடங்காகிறது. ஆக, கணிப்பு தவறுவதால்தான் மோதல். நல்ல இணைப்பு வைத்திருப்பவர்களும் வளைவின் வாயில் மாட்டிக்கொள்வது இதனால்தான். வைஃபையில் ஓட்டுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

பேய்மோதல் வேண்டாம். நேரச் சோதனையில் நம்முடைய பழைய சுற்றைக் காட்டியபடி ஓடும் காருக்கு கோஸ்ட் என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது, குழப்பம் வரும். தொடாமோதல் காதுக்கு இனிமையானது, வாடாமல்லி போல. ஆனால் அது தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. யார் திரையில் தொடவில்லை? முன்னால் போனவர் திரையில் தொட்டிருக்கிறதே, அவருடைய பின் இறக்கை போயிருக்கிறதே! ஒருவருடைய ரீப்ளேயில் இடைவெளி தெரியும், இன்னொருவருடைய ரீப்ளேயில் பம்பர் உள்ளே புகுந்திருக்கும். இரண்டுமே பொய்யில்லை. பந்தய நடுவர் இரண்டு பக்கப் பதிவுகளையும் கேட்டு வாங்கிப் பார்ப்பதற்குக் காரணமே அதுதான்.

இடமாறு மோதலை முன்வைத்தவர் இயற்பியல் ஆசிரியர் என்று நினைக்கிறேன். பள்ளிப் பாடத்தில் இடமாறு தோற்றப் பிழை படித்த எவருக்கும் அளவுகோலைச் சாய்வாகப் பார்ப்பதுதான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது அதுவல்ல, பார்வைக் கோணத்துக்கு இதில் வேலையே இல்லை. இடப்பெயர்ச்சி என்று வைத்தாலும் அதே சிக்கல்தான். அந்தச் சொல்லும் வேறு வேலையில் இருக்கிறது.

என் பரிந்துரை: இடப்பிசகு.

கால் பிசகிவிட்டது என்கிறோம், நரம்பு பிசகிவிட்டது என்கிறோம். இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் நழுவிவிட்டது என்பதுதான் பொருள். திரையில் கார் இருப்பதும் அப்படித்தான். அப்புறம், இது வினையாகவும் வரும். "என் பக்கம் அவர் கார் பிசகிடுச்சு" என்று வாய்ஸ் சாட்டில் சொல்லலாம். தொடாமோதலை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. விதிமுறையில்: "இடப்பிசகினால் நேர்ந்த மோதல் என்று நடுவர் கருதினால் இரு ஓட்டுநர்களுக்கும் தண்டனை இல்லை." அறிவிப்பில்: "முறையீடு தள்ளுபடி. காரணம்: இடப்பிசகு."

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இணைப்பு அறுந்து போவது இதில் சேராது. 2023 ஜனவரியில் நடந்த மெய்நிகர் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபார்முலா 1 ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தபோது இணைப்பு துண்டித்துப் பின்னுக்குப் போனார், கடைசியில் பந்தயத்திலிருந்தே விலகிவிட்டார். அது இணைப்புத் துண்டிப்பு. அதற்குத் தனி விதி, தனிச் சொல்.

போகிற போக்கில் இன்னொன்று. வரைவின் நான்காம் பக்கத்தில் "மூன்றாம் சுற்றின் பத்தாம் சுற்றில்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. லேப், ரவுண்டு இரண்டுக்குமே சுற்று என்று போட்டால் யாருக்குப் புரியும்? லேப்புக்கு மட்டும் சுற்று இருக்கட்டும். தொடரின் ஒவ்வொரு ரவுண்டையும் போட்டி என்றே எழுதலாம், புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

அன்புடன்,
விதிமுறை வரைவுக் குழுவிலிருந்து

———

மறுமடல்:

வணக்கம். விளக்கத்துக்கு நன்றி. கணக்கு சரி, சொல்லில்தான் எனக்குத் தயக்கம். பிசகு என்றால் பலருக்கும் தவறு என்றுதானே முதலில் படும்? "ஒரு பிசகும் இல்லாமல் முடித்தான்" என்கிறோம். நான் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். அறிவிப்பில் பிசகு என்று பார்த்ததும் "யாருடைய பிசகு?" என்று கேட்டுப் பத்து மடல் வரும்.

இன்னொரு கவலையும் உண்டு. சொல் எளிதாகக் கிடைத்துவிட்டால் ஆளாளுக்கு அதையே சாக்காகச் சொல்வார்கள். வளைவுக்குள் கண்மண் தெரியாமல் பாய்ந்து இடித்துவிட்டு "இடப்பிசகு ஐயா" என்பார்கள். நெட்கோடு என்ற சொல்லை வைத்து ஏற்கெனவே அதுதான் நடக்கிறது. குறுகலான, தொழில்நுட்ப வாடை அடிக்கும் சொல்லாக இருந்தால் நல்லது. கணிப்பு விலகல் என்று வைத்தால் என்ன?

———

மறுமடல்:

ஐயா, கணிப்பு விலகல் துல்லியமானது, மறுக்கவில்லை. விதிமுறையின் விளக்கப் பகுதியில் அதையே எழுதலாம்: "கணிப்பு விலகலால் கார் திரையில் இடம் மாறித் தெரிவது இடப்பிசகு." இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். ஆனால் 40 பேர் ஓடும் பந்தயத்தில், முதல் வளைவில், மூச்சு வாங்கிக்கொண்டே கணிப்பு விலகல் என்று எவரும் சொல்லமாட்டார்கள். நாம் சின்னதாக ஒன்று கொடுக்காவிட்டால் நெட்கோடு என்றுதான் தொடர்வார்கள்.

"யாருடைய பிசகு?" என்ற கேள்வியைப் பொறுத்தவரை, இடம் என்ற முன்னொட்டு அதற்குத்தான் இருக்கிறது. பிசகியது இடம், ஆள் இல்லை. மேலும் சாப்ட்வேரே பல சமயம் ஆளைப் பார்ப்பதில்லை. ஐரேசிங் என்ற சிம்மில் இரண்டு கார்கள் பலமாக மோதினால் யார் மீது தப்பு என்று பார்க்காமல் இருவர் கணக்கிலும் 4 புள்ளி ஏறுகிறது. தடத்தை விட்டு வெளியே போனால் 1, கட்டுப்பாடு இழந்து சுழன்றால் 2. அந்தப் புள்ளிகள் பாதுகாப்பு மதிப்பீட்டைக் குறைத்து, உரிமத்தின் படிநிலை வரை பாதிக்கின்றன. யார் தப்பு என்று தேடும் வேலை அங்கேயும் மனித நடுவருக்குத்தான். அந்த வேலையைச் சொல் செய்துவிடக் கூடாது என்பதுதான் என் வாதம் முழுவதும்.

சாக்குச் சொல்பவர்களுக்கு மருந்து விதியில்தான் இருக்கிறது. இடப்பிசகு என்று கோருபவர் தன் கணினியில் பதிவான ரீப்ளேயைப் போட்டி முடிந்த 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கோரிக்கை செல்லாது என்று ஒரு வரி சேர்க்கிறேன். கண்மண் தெரியாமல் பாய்ந்தவருக்கு அவருடைய ரீப்ளேயே எதிர்சாட்சி சொல்லும்.

வேறு மறுப்பு வராவிட்டால் வரைவில் இடப்பிசகு ஏறுகிறது. அடுத்தது டர்ட்டி ஏர். யாரோ அகராதிக் கோப்பில் அழுக்குக் காற்று என்று போட்டிருக்கிறீர்கள். முன்னால் போகும் கார் கலைத்துவிட்ட காற்று அது, அழுக்கெல்லாம் ஒன்றும் இல்லை. கலங்கல் காற்று என்று மாற்றலாமா? பின்னால் வருகிற காரின் முன்பக்கப் பிடிமானம் குறைவதையும் அதே பதிவில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.